உண்பவரே வீட்டார்

"கடையைத் திறட்டி!"

"நீ மொதல்ல அடுப்பை அணை. அப்புறம் நான் திறக்கேன்."

"என் அடுப்பு எரிஞ்சா ஒனக்கு எங்கன சுடுது? பூட்டுன கடைக்கு முன்னால கொத்தனாருக எல்லாம் நின்னு பாத்துட்டு—"

"பாத்துட்டுப் போவட்டும். ஒன் வீட்டுல எத்தன பேரு திங்காவன்னு நீ—"

"எண்ண மாட்டேன். சோத்துக்கு முன்னால உக்காந்த ஆளை எண்ணுனா நான் மனுசியா?"

"நீ எண்ணாட்டா என்ன, அது எண்ணுதுல்லா!"

வான்பென் கையை நீட்டிக் காட்டினாள். அடுக்களை நிலைக்கு மேலே பல்லி அளவில், பல்லியைப் போலவே அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது நிகர்மானி.

சேர்மக்கனி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றுவதா மாட்டுவதா என்று தெரியாமல் ஒரு காலில் நின்றார். அவர் ஒப்பீட்டு அலுவலர். நண்பகல் ஆய்வுக்காக சொக்னாவின் வீட்டுக்கு வந்திருந்தார். நண்பகல் ஆய்வுக்கு அவர் எப்போதுமே சொக்னாவின் வீட்டுக்குத்தான் வருவார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் பேசுங்களேன்" என்றார்.

"நீங்களே கேளுங்க அண்ணாச்சி" என்றாள் சொக்னா. "நல்லா ஓடுற சாப்பாட்டுக் கடைய இழுத்துப் பூட்டிட்டு வந்து உக்காந்திருக்கா. எனக்காவ அவ கீழ எறங்கி வாறாளாம். எனக்கு யாரும் எறங்கி வர வேண்டாம்."

"நீ மேல ஏற மாட்டங்க. அப்ப நான்தான் எறங்கணும்" என்றாள் வான்பென். "அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு வீடும் சமத்துக்கு வராட்டா இவளை மேற்க அனுப்பிருவாவ. கடலே இல்லாத ஊர்ல இவ மீனை எங்கன போயி வாங்குவா, எங்கன போயி புகை போடுவா?"

அது உண்மைதான். உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் சேர்மக்கனி.

கடல் ஏறிய ஆண்டுகளில் செனகல் கரையிலிருந்து கொஞ்சம் பேரும், தாய்லாந்தின் தாழ்ந்த ஊர்களிலிருந்து கொஞ்சம் பேரும் வந்து சேர்ந்தார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே மண் கொட்டி உயர்த்திய மேட்டுக்கரையில் அரசு அவர்களுக்கு இடம் கொடுத்தது. ஒரே அளவு வீடு, ஒரே அளவு முதல், எதிரெதிராக இரண்டு தெரு. பொருளியலாளர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு எளிதில் வாய்க்காது. மண்ணும் தண்ணீரும் ஒன்று, விதை மட்டும் இரண்டு. எது எவ்வளவு வளர்கிறது, ஏன்?

அதைச் சொல்லத்தான் நிகர்மானி வந்தது. செனகல் தெருவின் ஒவ்வொரு வீட்டுக்கும் தாய் தெருவில் ஓர் இணைவீட்டை அது தேர்ந்தெடுத்தது. வயது, பிள்ளைகள், கைத்தொழில் எல்லாம் கூடுமானவரை ஒத்துப்போகிற வீடு. சொக்னாவுக்கு இணை வான்பென். வீட்டுக்கு வரும் வருமானத்தை வீட்டிலுள்ள தலைகளால் வகுத்துத் தலைவீதம் சொல்லும் கருவி. இணையைவிட மிகவும் பின்தங்கிய வீடு பயிற்சிக்கென்று மேற்கே உள்நாட்டுக்கு அனுப்பப்படும். அது தண்டனை இல்லை, உதவி என்று உத்தரவிலேயே எழுதியிருந்தது.

செனகல் தெரு பின்தங்கியது. ஆண்டுக்கு ஆண்டு பின்தங்கியது. சென்னையில் இதைப் பற்றிக் கருத்தரங்குகள் நடந்தன. செனகல்காரர்களுக்குச் சேமிக்கத் தெரியவில்லை என்று ஒருவர் பேசினார். தாய்லாந்துக்காரர்களின் சிக்கனம் சமயத்திலிருந்து வருவது என்று இன்னொருவர் வரைபடம் போட்டுக் காட்டினார்.

"சரி, சோறு ஆறிப் போவுது. உக்காருங்க" என்றாள் சொக்னா. சண்டை முடிந்துவிடவில்லை. சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பெரிய எனாமல் தாம்பாளத்தில் தக்காளிச் சாறு ஏறிச் சிவந்த குருணைச் சோறு. நடுவில் மீன், சுற்றிலும் கேரட்டும் கத்தரிக்காயும் மரவள்ளியும். சொக்னாவின் புருஷன் மோதூவும் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். எதிர்த் தெருவிலிருந்து வான்பென்னின் மகள் வந்தாள், நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஊருக்கெல்லாம் மதியச் சாப்பாடு விற்கிறவர்களுக்குத் தங்களுக்கென்று உலை வைக்க நேரமில்லை. வான்பென் கோபம் ஆறாமலே உட்கார்ந்து, மிளகாய் போதாது என்றாள். சொக்னா மீன் தலையைப் பிய்த்து சேர்மக்கனியின் பக்கமாக வைத்தாள்.

அவர் அதைச் சாப்பிடும்போதுதான் நிமிர்ந்து நிகர்மானியைப் பார்த்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதன் அறிக்கைகளைப் படித்திருக்கிறார். அது இருக்கும் இடத்திலிருந்து இந்தத் தாம்பாளம் எப்படித் தெரியும் என்று அன்றுவரை யோசித்ததில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு, மேசைத் திரை வழியாக நிகர்மானியைக் கேட்டார்.

"சொக்னாவின் வீட்டில் எத்தனை தலை?"

"ஒன்பது" என்றது நிகர்மானி. அதன் தமிழ் எப்போதுமே அச்சுத் தமிழ்.

"அந்த வீட்டில் நாலு பேர்தானே?"

"பதிந்தவர்கள் நால்வர். உண்பவரே வீட்டார் என்பது விதி. கடைசி மூன்று நண்பகல்களில் எங்கே உண்டார்களோ அதுவே அவர்கள் வீடு."

"மிச்ச ஐந்து பேர் யார்?"

"ஒரு பெண், நாற்பதை ஒட்டியவர், மிளகாய் கூடுதலாகக் கேட்பவர். அவருடைய மகள். மாவுக் கறையுடன் வரும் பெண்கள் இருவர்."

சேர்மக்கனிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாய் தெரு வீதியைக் கடந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறது. போகும்போது தலையை இங்கே விட்டுவிட்டுப் போகிறது. அந்தப் பக்கம் தலை குறையக் குறையச் செழிப்பு, இந்தப் பக்கம் தலை கூடக் கூட வறுமை. கருத்தரங்கு, வரைபடம் எல்லாம் ஒரு மதியச் சாப்பாடு.

"ஐந்தாவது ஆள்?"

"ஆண். ஐம்பதைக் கடந்தவர். சாப்பிடும்போது பேசாதவர். மீன் தலை அவருக்கு ஒதுக்கப்படுகிறது. குடும்பத்தில் மூத்தவராக இருக்கலாம்."

சேர்மக்கனி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு சென்னைக்குப் பேசினார். கோட்டத் தலைமை ஒப்பீட்டாளர் மாதங்கி திரையில் வந்தார்.

"சொல்லுங்க சேர்மக்கனி. ரிப்போர்ட் ரெடியா? அமைச்சர் கேட்டுட்டே இருக்கார்."

"மேடம், ரெண்டு தெருவுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் வித்தியாசமே இல்லை. அவங்க இங்க வந்து சாப்பிடுறாங்க. அவ்வளவுதான்."

"சாப்பிட்டா அந்த வீட்டு ஆள்தானே?"

"பக்கத்து வீட்டுக்காரங்க மேடம்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"அப்போ எப்படிப் பக்கத்து வீடு ஆவாங்க? அந்த விதியை யார் எழுதினதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"நீங்கதான் மேடம்."

"பொய்யா ஆள் கணக்கு சொல்லி ஏமாத்தக் கூடாதுன்னுதான் அப்படி எழுதினேன். அவங்கவங்க வீட்டுல சாப்பிடச் சொல்லுங்க. சிம்பிள்."

அவர் சொன்னார். இரண்டு தெருவிலும் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். தாய் தெரு கேட்டுக்கொண்டது. மறுநாள் நண்பகலில் யாரும் வீதியைக் கடக்கவில்லை. வான்பென் கடையைத் திறந்தாள். விற்று மிஞ்சியதைத் தன் வீட்டு நிகர்மானிக்குக் கீழே நின்றபடி சாப்பிட்டாள். சொக்னா பழக்கதோஷத்தில் அதே அளவு வடித்துவிட்டு, மிஞ்சியதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேர்மக்கனியும் போகவில்லை.

நாலாம் நாள் காலையில் சொக்னா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். பின்னாலேயே வான்பென்.

"எல்லாரும் நின்னாச்சு. இன்னும் நான் பின்னாலதான் இருக்கேன்னு சொல்லுதே, எப்படி?"

"ஒரு தலை போவ மாட்டங்கு" என்றார் சேர்மக்கனி.

"யாரு தலை?"

அவர் மேசையைப் பார்த்தார்.

"இதுல கேக்க என்ன இருக்கு?" என்றாள் வான்பென். "ஒன் வீட்டுல மீன் தலை கேக்குற ஆளு ஒருத்தருதான்."

"நான் எப்பட்டி கேட்டேன்? அவளா வச்சா."

"வச்சா வேண்டாம்னு சொன்னியளா?"

"நாந்தான் மூணு நாளா வரலையே!"

வராததை நிகர்மானி கவனித்திருந்தது. 'மூத்தவர் வெளியூர் சென்றிருக்கிறார்' என்று எழுதியிருந்தது. மற்றவர்களுக்குத் திரும்பிப் போக அவரவர் வீடும் அந்த வீட்டில் ஒரு கருவியும் இருந்தன. சேர்மக்கனியின் வீட்டில் கருவி இல்லை. ஒப்பிடப்படுகிறவர்களுக்குத்தான் கருவி, ஒப்பிடுகிறவர்களுக்கு எதற்கு? ஆகவே கருவிக்குத் தெரிந்தவரை உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே வீடு சொக்னாவின் வீடு.

"நீங்க கவர்மென்ட் ஆளு. நான் இந்த வீட்டு ஆள் இல்லைன்னு எழுதிக் குடுங்க" என்றாள் சொக்னா.

"அப்படி எழுதுனா, ஆய்வுக்குப் போன வீட்டுல தினமும் கை நனைச்சேன்னு ஆயிரும். ஒப்பீடே செல்லாதும்பாவ. மொதல்லருந்து ஆரம்பிப்பாவ."

"எழுதாட்டா?"

"உன்னய அனுப்பிருவாவ."

வெளியே மோதூவின் படகு வந்திருக்க வேண்டும், ஆட்கள் கூப்பிடும் சத்தம் கேட்டது. சொக்னா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க வீட்டுலயும் ஒண்ணு மாட்டிருங்களேன்" என்றாள் வான்பென்.

கிட்டங்கியில் உபரிக் கருவிகள் இருந்தன. அன்று மதியமே சேர்மக்கனி ஒன்றை எடுத்துப்போய்த் தன் அடுக்களை நிலைக்கு மேலே மாட்டினார். மனைவி இறந்த பிறகு அந்த அடுக்களையில் அவர் தண்ணீர் குடிப்பார், மாத்திரை போடுவார். கருவிக்குக் கீழே நின்று பொட்டலத்தைப் பிரித்து நாலு இட்லி சாப்பிட்டார். சாப்பிடும்போது பேசவில்லை, பேச ஆளும் இல்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

மூன்றாம் நண்பகல் முடிந்ததும் மூத்தவர் ஊர் திரும்பிவிட்டார். சொக்னாவின் வீட்டில் நாலு தலை, வான்பென் வீட்டில் அதற்கேற்ற தலை. இரண்டு தலைவீதமும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றன. சேர்மக்கனி திரையைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டார்.

அதற்குள் மாதங்கி கூப்பிட்டுவிட்டார்.

"சேர்மக்கனி, அந்தப் புது வீடு யாருது? பிரமாதம்!"

"எந்த வீடு மேடம்?"

"ஒரே தலை. முழுச் சம்பளமும் ஒரே தலைக்கு. மேட்டுக்கரையிலேயே இப்படி ஒரு தலைவீதம் வந்ததில்லை. வீண் செலவே இல்லை, விருந்தாளி இல்லை. இதைத்தான் நாங்க இத்தனை வருஷமா தேடிட்டிருந்தோம். முன்மாதிரி வீடுன்னு அமைச்சர்கிட்டயே சொல்லிட்டேன்."

"மேடம், அது என் வீடு."

"உங்க வீடா? ரொம்ப சந்தோஷம். அப்போ இன்னும் நல்லது."

"எனக்கு இணைவீடு கிடையாதே மேடம்."

"இணை இல்லாத வீட்டுக்கு எல்லா வீடும் இணைதான். விதியைப் படிக்கலையா?"

அவர் திரையைத் திருப்பிப் பார்த்தார். சொக்னாவின் பெயர் சிவப்பில் இருந்தது. வான்பென்னின் பெயரும் சிவப்பில் இருந்தது. கீழே இரண்டு தெருவும், கடைசி வீடு வரை, சிவப்பில் இருந்தன. செனகலுக்கும் தாய்லாந்துக்கும் இப்போது எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டும் சேர்மக்கனியைவிட மிகவும் பின்தங்கியிருந்தன.

"நான் அதைக் கழட்டிடுறேன் மேடம்."

"வெள்ளிக்கிழமை ஒப்புநாள், கடைசிக் கணக்கு. அது முடியற வரைக்கும் கழட்டினா குற்றம். நீங்களே எத்தனை பேருக்கு நோட்டீஸ் குடுத்திருக்கீங்க! வெள்ளிக்கிழமை பார்க்கலாம்."

மாலையில் போய்ச் சொன்னார். வான்பென்னின் கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. சொக்னா அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப எல்லாரும் போவணுமா?" என்றாள் சொக்னா.

"இப்ப இருக்கிறபடி பாத்தா, எல்லாரும்தான்."

"எங்களுக்குள்ள சமமா வந்தாச்சே!"

"வந்தாச்சு. ஆனா நான் மேல போயிட்டேன்."

"என்னத்த சாப்பிட்டு இப்படி மேல போனிய?"

"இட்லி."

வான்பென்னுக்கு அடக்க முடியவில்லை. கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சொக்னா சிரிக்கவில்லை. அவரை நன்றாக ஒருமுறை பார்த்தாள், அவருடைய சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த மாத்திரை அட்டையையும் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நண்பகல் இருக்குல்லா?" என்றாள்.

"இருக்கு."

"உங்க வீட்டுக் கூடம் எவ்வளவு பெருசு?"

மறுநாள் நண்பகலில் அவர் இட்லிப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புகள் விழும் சத்தம் கேட்டது. விழுந்துகொண்டே இருந்தது. கூடத்தில் மோதூ பாய் விரித்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள், நூடுல்ஸ் கடைப் பெண்கள், அவர் கையெழுத்தில் நோட்டீஸ் வாங்கியவர்கள், செனகல் தெரு, தாய் தெரு எல்லாம் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உள்ளே வந்து இடம் பிடித்தார்கள். சிலர் வாசலிலேயே நின்று உள்ளே நகரச் சொல்லிக் கத்தினார்கள். வான்பென் மிளகாய்ப் பையை மட்டும் கொண்டுவந்திருந்தாள்.

"நம்மகிட்டருந்து எதுவும் கொண்டாரக் கூடாதுட்டி" என்று சொக்னா அவளை அதட்டினாள். "அவருதான் ஆக்கிப் போடணும். அப்பத்தான் எறங்குவாரு."

"மிளகாய்ல என்ன ஏறிரும்?"

சொக்னா அடுக்களைக்குள் போனாள். அடுப்பைத் திருகிப் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். ஒரு டப்பாவை ஆட்டிப் பார்த்தாள், இன்னொன்றைத் திறந்து மோந்து பார்த்தாள், எல்லாவற்றையும் வரிசையாகக் கீழே இறக்கி வைத்தாள். பிறகு நிலைப்படியில் வந்து நின்று, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே, கையில் பொட்டலத்தோடு நின்றிருந்த சேர்மக்கனியிடம் கேட்டாள்:

"அண்ணாச்சி, அரிசி எங்கன இருக்கு?"