கதவுப் பக்கம் திரும்பிய செடிகள்

செடி என்றால் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சாயும். செபாஸ்டியனுக்கு அது புதிதாகச் சொல்லித் தெரியவேண்டிய விஷயமில்லை. ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்திலேயே குவார்ட்டர்ஸ் ஜன்னலில் டப்பா டப்பாவாகச் செடி வைத்தவர் அவர். ஓய்வுபெற்று நூம்பலில் வீடு கட்டி, மொட்டைமாடியில் பச்சை வலையால் கொட்டகை போட்டபோதும் கிழக்குப் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டிருந்தார். காலை வெயில் அந்த வழியாகச் சரிந்து வந்து தொட்டிகளின் மேல் விழும். இலைகள் அதைப் பார்த்து மெல்லத் தலை சாய்க்கும். ஒரே பக்கமாகக் கோணிவிடாதிருக்க அவ்வப்போது தொட்டியைத் திருப்பி வைப்பார். அன்றைக்குக் காலை அவர் மாடியேறி வந்தபோது, இரும்புக் கட்டிலின் மேல் வரிசை கட்டியிருந்த அத்தனை தொட்டிகளும் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேற்கே, படிக்கட்டுக் கதவைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

அவர் வருகிற வழியை.

கொஞ்ச நேரம் கதவுக்குள்ளேயே நின்றார். பிறகு, பக்கத்து வீட்டில் புதிதாக வைத்த வெள்ளைத் தண்ணீர்த் தொட்டியில் பட்ட வெயில் இந்தப் பக்கம் திரும்பி அடித்திருக்கும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு தொட்டியாகத் திருப்பி வைத்தார். விரல் படும்போது இலைகள் சூடாக இருந்தன. மே மாதத்து மாடியில் சூடில்லாமல் என்ன இருக்கும்?

அந்தச் செடிக்குப் பெயர் ஜெயசீலி. அவர் வைத்த பெயர், அவர் மனைவியின் பெயர். எச்சிவேரியா என்கிற சதைச் செடி, ரோஜாப்பூவைச் சதையால் செய்து தொட்டியில் உட்காரவைத்ததுபோல அழகாக இருக்கும். ஊட்டியிலும் பெங்களூரிலும் ராணி மாதிரி வளரும். மெட்ராஸ் வெயிலில் ஒரு கோடை தாண்டாது, அடியிலிருந்து அழுகிப் போகும். இந்த வெயிலைத் தாங்குகிற ஒன்றை உண்டாக்கிவிடவேண்டும் என்பதுதான் அவருக்குப் பல வருஷத்து வெறி. முரட்டுச் சாதிச் செடி ஒன்றின் மகரந்தத்தை மயிரிழைத் தூரிகையால் தொட்டு, மென்மையான சாதியின் பூவுக்குள் தடவி, எறும்பு ஏறாமல் காபந்து பண்ணி, தூசிபோல விழுந்த விதையைக் கொக்கோபீட் என்கிற ஈரத் தேங்காய் நார்த்தூளில் தூவி, முளைத்த நூற்றுக்கணக்கில் தேறாததையெல்லாம் பிடுங்கிப் போட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. பச்சையாகத்தான் இருந்தது. தண்ணீர் காட்டாமல் காயவிட்டால் மட்டும், இலை நுனியிலிருந்து ஒரு இளஞ்சிவப்பு இறங்கி வரும். குழந்தையின் உள்ளங்கையில் இருக்குமே, அந்த நிறம். தண்ணீர் விட்டால் இரண்டொரு நாளில் மறுபடி பச்சை.

செடியைத் தாகத்தில் வைத்தால்தான் அழகு. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜெயசீலியின் ஆண்டு நினைவுப் பூசை. வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஜெயசீலித் தொட்டி கொடுப்பதென்று மகள் ஜெபிஷா ஓசூரிலிருந்து திட்டம் போட்டிருந்தாள். அதற்காகத்தான் இந்தத் தொட்டிகளைக் கட்டிலில் ஏற்றி, தண்ணீரை நிறுத்தியிருந்தார்.

"கலர் வந்துடுச்சாப்பா?" என்று அன்றைக்கும் போனில் கேட்டாள்.

"வந்துக்கிட்டிருக்கு."

"பச்சையா இருந்தா நல்லாயிருக்காது. அம்மாவுக்கு ரோஸ்தான பிடிக்கும். எல்லார் வீட்டு ஜன்னல்லயும் அம்மா இருக்கிற மாதிரி இருக்கும், இல்ல?" பிறகு சிரித்தாள். "நீங்க எனக்குக் குடுத்தது மட்டும் லூசுப்பா. கிச்சன் ஜன்னல்ல வச்சிருக்கேன், வெளிய வெயிலைப் பாக்காம என்னையே பாத்துக்கிட்டு நிக்குது."

வாசலில் மணி அடித்தது, நல்லதாகப் போயிற்று என்று செபாஸ்டியன் போனை வைத்தார்.

தண்ணீர்க் கேன் போடுகிற தேவா வந்திருந்தான். கேனைத் தோளிலிருந்து இறக்கி, துண்டால் கழுத்தைத் துடைத்தான்.

"இன்னா அண்ணாத்தே, மூஞ்சி செத்துக்கீது? சாப்ட்டியா இல்லியா?"

"சாப்பிட்டேன்பா."

"போன கோடைக்கி நாலு கேன் வாங்குன. இப்ப ஒண்ணே ஒண்ணுதான் போவுது."

"நாற்றுக்கு அப்போ ஈரம் வேணும். போர் தண்ணி உப்பு, இலை கருகிடும்."

"செடிக்கா? செடிக்கு கேன் தண்ணியா?" தேவா வாய்விட்டுச் சிரித்தான். "நான் போர் தண்ணி குட்சினு கீறேன். அடுத்த ஜென்மத்துல உன் மாடில வந்து பொறக்கறேன், பாத்துக்க." காலிக் கேனை எடுத்துக்கொண்டு படியிறங்கியவன் நின்றான். "அட, நான் அப்ப வேற இன்னாவோ நெனச்சினு இருந்தேன். அக்கா படுத்த படுக்கையா கீறாங்க, தண்ணி நெறைய குடுக்க சொல்லிருப்பாரு டாக்டரு, மன்ஷன் குடம் குடமா குட்த்து பாத்துக்கிறாருன்னு எங்க ஊட்ல கூட சொன்னேன்."

அவன் ஒன்றும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். செபாஸ்டியன்தான் கேட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

ஜெயசீலிக்குப் பக்கவாதம். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இடக்கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். தாகமெடுத்தால் அதைக் கட்டில் சட்டத்தில் தட்டுவாள். ணங். சற்று விட்டு, ணங். அவர் எங்கேயிருந்தாலும் வந்து கொடுப்பார். நசரத்பேட்டையிலிருந்து பார்த்துக்கொள்ள வந்துகொண்டிருந்த பெண் நின்றுவிட்ட பிறகு, விரிப்பை மாற்றுவதும், கனத்த உடம்பைப் புரட்டுவதும், மூத்திர நாற்றத்தோடு டெட்டால் கலந்த துணியை அலசுவதும் அவர் தலையில் விழுந்தது. அதே மாதத்தில்தான் மாடியில் அந்த ஒற்றை நாற்று நிறம் காட்டத் தொடங்கியிருந்தது. முதலில், இருட்டிய பிறகு தண்ணீர் வேண்டாம் என்று நிறுத்தினார். இரவில் விரிப்பு நனையவில்லை. பிறகு மதியத்துக்கு மேல் நிறுத்தினார். பிறகு, டம்ளர் கீழே விழுந்துவிடுகிறது என்று சொல்லி, கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார். யாரிடம் சொன்னார்? வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? அவளிடம்தான் சொன்னார். அவள் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நாள் முழுக்கத் தலையைக் கதவுப் பக்கம் திருப்பி.

வெயில், வயசு, மூத்திரத் தாரையில் கிருமி என்று டாக்டர் சொன்னார். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் செபாஸ்டியன் அந்தக் கடைசி வாரத்தில் ஒருநாள் அவள் புறங்கைத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது. செடிக்குத் தாகமா என்று இலையை அமுக்கிப் பார்த்தே கண்டுபிடிக்கிற கை அது. அதற்குத் தெரியாமலா போகும்? தெரிந்தது. தெரிந்துகொண்டு மாடிக்குப் போனார். நாற்றுகளுக்குத் தண்ணீர் தெளிக்கிற நேரமாகியிருந்தது.

அந்தக் கட்டில்தான் இப்போது மாடியில் இருக்கிறது. நல்ல இரும்பு, வீணாக்குவானேன் என்று ஏற்றிவைத்தது. டம்ளரும் அதன் தலைமாட்டில்தான். தூரிகைகளும் இடுக்கியும் போட்டு வைத்திருக்கிறார்.

தேவா போன பிறகு கீழே இருக்க முடியவில்லை. உச்சி வேளையில் மாடிக்குப் போகிற வழக்கமில்லை, ஆனாலும் போனார். தெரு முழுக்கக் கதவடைத்துக் கிடந்தது. எங்கோ குக்கர் விசில் ஒன்று பாதியில் அடங்கியது. வேலப்பன்சாவடிப் பக்கம் லாரிகளின் இரைச்சல் வெயிலில் கரைந்து, தொலைவில் யாரோ பாய் இழுப்பதுபோலக் கேட்டது. கொட்டகைக்குள் காய்ந்த தேங்காய் நாரின் வாசனை, சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனை, அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனையும். டெட்டால். அலசிப் பிழியாத விரிப்பு.

காலையில் திருப்பி வைத்த தொட்டிகள் மறுபடி கதவைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

நிறம் இறங்கியிருந்தது. இதுவரை அவர் பார்த்திராத நிறம். நுனியில் மட்டுமில்லை, இலையின் அடிவரைக்கும். அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து ஒரு கணம் அவருக்குச் சந்தோஷம் வந்தது. ஓர் இலையை விரலால் அமுக்கினார். சுருக்கம் விழுந்திருந்தது. அமுங்கிய குழி அமுங்கியபடியே நின்றது.

ணங்.

திரும்பிப் பார்த்தார். தலைமாட்டில் டம்ளர் நின்ற இடத்திலேயே நின்றது. அதற்குள்ளிருந்த தூரிகை ஒன்றுகூட ஆடவில்லை.

ணங்.

சட்டத்தில் கை வைத்தார். இரும்பு அதிர்ந்துகொண்டிருந்தது.

"இரு," என்றார். "இரு, தரேன்."

ஒரு வருஷமாக அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. கீழே ஓடி, புதுக் கேனை உடைத்து, பூவாளியில் ஊற்றி, மூச்சு வாங்க ஏறி வந்தார். நிறம் போனால் போகட்டும். ஜெபிஷா கோபித்தால் கோபிக்கட்டும். முதல் தொட்டியில் ஊற்றினார். தண்ணீர் மண்ணின் மேல் நின்றது. இறங்கவில்லை. காய்ந்த கொக்கோபீட் முதலில் குடிக்காது, அது தெரிந்ததுதான். குச்சியால் குத்திவிட்டு ஊற்றினார். நின்றது. அடுத்த தொட்டி. அடுத்தது. எல்லாத் தொட்டியிலும் தண்ணீர் கண்ணாடிபோல நின்றது, விளிம்பு தாண்டி வழிந்து, கட்டிலை நனைத்து, தரையில் சொட்டி, காய்ந்துபோனது. ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை.

கடைசி நாள் அவர் பயந்துபோய்க் கரண்டியில் ஊற்றியபோதும் அப்படித்தான். வாயில் நின்றது. கடைவாய் வழியாக வழிந்தது. தலையணை நனைந்தது.

ணங். ணங்.

சட்டைப் பையில் போன் அடித்தது. ஜெபிஷா.

"அப்பா, சும்மாதான் போட்டேன். பூசைக்கு..." நிறுத்தினாள். "அங்க என்னப்பா சத்தம்?"

"ஜெபிஷா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அம்மாவுக்கு... கடைசியில... நான்..."

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மகள் காத்திருந்தாள். அவள் பக்கத்திலிருந்தும், தொலைவிலிருந்து வருவதுபோல, அது கேட்டது. எவர்சில்வர். இரும்பு.

"ஒரு நிமிஷம்ப்பா," என்றாள் ஜெபிஷா. குரல் இறங்கியிருந்தது. "கிச்சன்ல ஏதோ தட்டுது. அம்மா டம்ளர் தட்டுவாங்களே, அந்த மாதிரி. உங்களுக்குக் கேக்குதா?"

இப்போது சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். இந்தத் தொட்டிகள் அத்தனை வீட்டுக்குப் போவதற்கு முன்னால், அந்த ஜன்னலிலிருந்து அதைத் தூக்கி எறி என்றாவது சொல்லலாம்.

"இல்லயே," என்றார் செபாஸ்டியன். "ஒண்ணும் கேக்கல. நீ ஞாயித்துக்கிழமை வந்துடு."

போனை வைத்ததும் தட்டுவது நின்றது.

அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. ஜெயசீலியின் தட்டலும் ஒருநாள் இப்படித்தான் நின்றுபோனது.

கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார். கன்னத்தைச் சட்டத்தில் சாய்த்தார். முகத்துக்கு நேராக, கட்டில் மேலிருந்த ஒரு தட்டில், உதிர்த்து வைத்த இலைகள் கிடந்தன. ஒற்றை இலையைக் கிள்ளிக் காய்ந்த தட்டில் போட்டுவிட்டால் போதும், அது தானே வேர் விடும். மண் இல்லாமல், காற்றிலேயே, மயிரைவிட மெல்லிசாய், இளஞ்சிவப்பாய். ஈரம் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். இத்தனை நாளும் அவை ஒரு பக்கமும் போகாமல் தவித்துச் சுருண்டு கிடந்தன.

ஜெயசீலியை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட அவருக்கு அழுகை வரவில்லை. இப்போது வந்தது. சத்தமில்லாமல். ஒரு கண்ணிலிருந்து முதலில், பிறகு இரண்டிலிருந்தும். சூடாக மூக்கோரம் இறங்கியது.

தட்டில் ஏதோ அசைந்தது.

ஒரு வேர். நிமிர்ந்தது. நுனியைக் காற்றில் இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு தட்டு முழுக்க. சுருண்டு கிடந்த அத்தனையும் மெல்ல அவிழ்ந்து, ஒன்றாக, ஒரே திசையில் திரும்பின.

அவர் முகத்தைப் பார்த்து.

தலையைத் தூக்க நினைத்தார். கழுத்து கேட்கவில்லை. வலக்கை கேட்கவில்லை. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. இடக்கை மட்டும் அசைந்தது. தடவித் தடவி, தலைமாட்டு டம்ளரைத் தேடியது. எட்டவில்லை.

முதல் வேர் அவர் இமையோரத்தைத் தொட்டது. குளிர்ச்சியாக. மிருதுவாக. குடிக்கத் தொடங்கியது.

படிக்கட்டுக் கதவு திறந்தே கிடந்தது. செபாஸ்டியன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.