இரண்டாம் மாடியில் புதுச் சங்கிலி

செல்போன் அலறியது!

புக்கிட் ரோத்தான் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த குமுதா எடுத்தாள். மறுமுனையில் கணவன் உமாபதி.

"குமுதா... என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டானுங்க!"

"யாரு?"

"தெரியல லா! நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தேன். எந்திரிச்சுப் பாத்தா வாசல் கிரில் கதவுல புதுச் சங்கிலி!"

இரண்டாம் மாடி. ஒரே வாசல். ஜன்னலெல்லாம் கம்பி. நெருப்புப் பிடித்தால்...?

குமுதாவுக்குச் சந்தேகம் ஒருவன் மேல்தான்.

சேது!

வாடகை வீட்டின் உரிமையாளர் போன மாதம்தான் கட்டட நிர்வாகத்தைச் சேதுவின் கம்பெனியிடம் ஒப்படைத்திருந்தார். ஆற்றோரம் மின்மினி பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு வீடுகளை ஹோம்ஸ்டே ஆக்குவது சேதுவின் கனவு. பக்கத்து வீட்டு மோகனா சுங்கை பெசார் போயிருந்த நேரம், அவள் வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டான். பாவம், இன்றுவரை வக்கீல் வீட்டுக்கு அலைகிறாள்.

குமுதா போலீஸ் சார்ஜன்ட் ஹைருலுடன் வந்து இறங்கினாள். படிக்கட்டடியில் சேது. சிரித்தான்.

"மேனேஜ்மென்ட் மாறிடுச்சும்மா. பழைய அக்ரிமென்ட் செல்லாது."

"ஓனர் மாறலையே! சைன் வெச்சது அவரு. ஸ்டாம்ப் அடிச்சாச்சு. இன்னும் பதினாலு மாசம் இருக்கு!"

"பூட்டினது யாரு?" என்றார் ஹைருல்.

"தெரியாது சார்."

"கோர்ட் ஆர்டர் இல்லாம பூட்டினதே தப்பு. உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சே பூட்டியிருந்தா..."

மேலிருந்து உமாபதி கத்தினான். "தொறங்கடா!"

சேதுவின் முகம் வெளுத்தது.

"ஐயோ, ஆள் இருக்கறது சத்தியமா தெரியாது சார்! நம்ம ஆளுங்க வீட்டுல இருந்தா வாசல்ல செருப்பு கெடக்கும்ல? ஒண்ணுகூட இல்ல. அதப் பாத்துத்தான் பூட்டினேன்!"

"அப்ப... பூட்டினது நீதான்!" என்றார் ஹைருல்.

சேது நாக்கைக் கடித்துக்கொண்டான். அவனே சங்கிலியைக் கழற்றினான். ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு போனது.

உமாபதி வியர்வையைத் துடைத்தான்.

"ஆமா... செருப்பு திருட்டுப் போகுது, உள்ள எடுத்து வெச்சுட்டுப் படுங்கன்னு மூணு நாளா சொன்னியே. யாருடி திருடறா?"

"யாரும் திருடல."

"பின்ன?"

"காலி வீட்டைப் பூட்டினா நாம கோர்ட்டுக்கு அலையணும். ஆளை வெச்சுப் பூட்டினா அவன் லாக்கப்புக்குப் போகணும்."

உமாபதி திகைத்தான்.

"அடிப்பாவி! என்னையா பணயம் வெச்ச? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க தூங்கியிருப்பீங்களா?"