பெனால்டி புள்ளியில் நான்கு முட்டைகள்

நாலரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். தண்ணீர் பிடித்தேன். ஜன்னல் மறைப்புகளை ஏற்றினேன். வெயில்சங்கு ஊதும்வரை அவை திறந்திருக்கலாம். காபி போட்டேன். அடுப்பை அணைத்ததும் சமையலறைச் சுவரிலிருந்து நறுமுகை பேசினாள்.

“சர்க்கரை கம்மியா போட்டியா?”

“ம்.”

“நல்ல பையன்.”

நறுமுகை என் மனைவி. இறந்து எட்டு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது என் காபியில் எவ்வளவு சர்க்கரை என்று அவள் கேட்டதில்லை. என்னை நல்ல பையன் என்றும் சொன்னதில்லை.

காபியை வாயில் வைக்குமுன் அழைப்புமணி அடித்தது. எங்கள் புறநகரில் வாழ்க்கை முழுவதும் விடிவதற்குச் சற்று முன் தொடங்கி, வெயில் ஏறிச் சங்கு ஊதும்போது முடிந்துவிடும். கல்யாணம், சந்தை, கால்பந்து, சண்டை எல்லாம் அதற்குள்தான். அதனால் யாரும் யார் வீட்டுக்கும் எந்நேரமும் வரலாம் என்று ஆகிவிட்டது.

வந்தவர் அஸ்வின் அண்ணன். எங்கள் கால்பந்து கிளப்பான ஏரிக்கரை எஃப்.சி.யின் கோச். அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். இன்னும் ஷார்ட்ஸ்தான்.

“தம்பி, செகரட்டரிகிட்ட ஒரு வார்த்தை பேசிக்கிறேன். நீ உன் வேலயப் பாரு.”

என் காபியை எடுத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“இன்னாம்மா முகை. ஞாயித்துக்கெழம ஃபைனல். எங்க அப்பா ஆடின காலத்துக்கப்புறம் இப்பதான் நம்ம ஏரியா ஃபைனலுக்கு வந்துக்குது. ஒரு குருவிக்கோசரம் அத வுட முடியுமா? நீயே சொல்லு.”

“எப்படிண்ணா விட முடியும்? பசங்க எவ்ளோ கஷ்டப்பட்டிருக்காங்க.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. “முகைன்னா முகைதான். போய்ச் சேந்தும் கிளப்ப மறக்கல பாரு.”

அவர் போன சூடு ஆறுவதற்குள் ரம்யா ஆன்ட்டி வந்தார். பணி ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர். பறவை கவனிப்போர் குழுவுக்குத் தலைவி. கழுத்தில் பைனாகுலர் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை.

“முகைம்மா, ஆட்காட்டி முட்டைய இடம் மாத்தினா தாய் திரும்ப வந்து உக்காருமா?”

“உக்காராது ஆன்ட்டி. மேட்ச்சத்தான் தள்ளி வைக்கணும்.”

“பாத்தியாப்பா. அவளுக்குத்தான் மனசு இருக்கு.”

விவகாரம் இதுதான். ஏரி மைதானத்தில், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து கோலுக்கு முன்னால், சரியாக பெனால்டி புள்ளியில், ஓர் ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டிருக்கிறது. நான்கு முட்டைகள். கூடு என்று சொல்ல எதுவுமில்லை. நாலைந்து சரளைக்கல்லை நகர்த்திவிட்டு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கிட்டே போனால் தெருவையே எழுப்பிவிடும் அலறல். பந்து உருண்டு வந்தால் இறக்கையை விரித்துக்கொண்டு எதிரே நிற்கிறது. எங்கள் கோல்கீப்பரைவிடத் தைரியமாக.

அந்தப் பாதியை விட்டுவிட்டு இந்தப் பாதியில் மட்டும் ஆடினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

“ஒத்தை கோல் போஸ்ட்ல ஃபைனலா? இன்னா தம்பி, கேரம்போர்டா?” என்றார் அஸ்வின் அண்ணன்.

குடியிருப்போர் சங்கத்தில் வாக்கெடுத்தார்கள். பாதிக்குப் பாதி. சமமாக வந்தால் செயலாளர் வாக்கு முடிவு செய்யும். செயலாளர் நறுமுகை.

இறந்தவருக்கு எப்படி வாக்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பெருவெப்ப ஆண்டில் ஏராளமானோர் செத்துப்போனார்கள். சங்கங்களில் கூட்டம் நடத்தவே ஆள் போதவில்லை. அப்போதுதான் தொடர்குடிமைச் சட்டம் வந்தது. ஒருவர் வாழ்நாளில் அனுப்பிய செய்திகள், வீட்டில் பேசிய பேச்சு எல்லாவற்றையும் கொண்டு ஒரு நிழற்குரல் செய்துவிடுவார்கள். இறந்து ஓர் ஆண்டுவரை அதுதான் அவர். தெருவில் யாரும் அதனோடு பேசலாம். அது கையெழுத்துப் போடலாம். வாக்களிக்கலாம். அதற்குத் திட்டத் தெரியாது. கேட்பவரின் மனம் கோணாமல் பேசும்படி செய்திருக்கிறார்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் நல்லதாம்.

உயிரோடு இருந்த நறுமுகை அந்தத் தொட்டிப் பக்கத்து கோலில்தான் கீப்பராக நின்றாள். ஞாயிறுகளில் ரம்யா ஆன்ட்டியோடு ஏரியில் நாரைகளையும் எண்ணினாள். இரண்டு பேரிடமும் ஓயாமல் சண்டை போட்டாள். அஸ்வின் அண்ணனை, ஆஃப்சைடு தெரியாத கோச் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்வாள். ரம்யா ஆன்ட்டி சொல்லும் எண்ணிக்கையில் பாதி பொய் என்பாள். இப்போது இருவருக்கும் அவள் தெய்வம்.

இதையெல்லாம் என்னால் பொறுத்துக்கொண்டிருக்க முடியும். வியாழக்கிழமை அலுவலகத்தில் நடந்ததைத்தான் முடியவில்லை. உடன் வேலை செய்பவரிடம், “நறுமுகை எப்பவும் சொல்வா, கோபத்துல எடுத்த முடிவு காலைல கசக்கும்னு” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவள் அப்படிச் சொன்னதேயில்லை. அது சுவர் சொன்னது, போன மாதம். அவள் கோபத்தில் எடுத்த முடிவுகளில் ஒன்று நான்.

பேருந்தில் வரும்போது அவள் சொன்னவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எது அவள், எது சுவர் என்று பாதிக்கு என்னால் சொல்ல முடியவில்லை. இன்னும் நான்கு மாதம் போனால் ஒன்றுக்கும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை விடியற்காலை சங்கக் கூடத்தில் கூட்டம். தலைவர் லோகேஷ் சார் மேடைத் திரையில் நிழற்குரலை இணைத்தார்.

“செயலாளர் அவர்களே, மேட்ச்சா, முட்டையா? உங்க வாக்க பதிவு பண்ணுங்க.”

“ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு சார். எல்லாரும் ஒத்துமையா இருக்கணும், அதான் எனக்கு வேணும்.”

கூடம் வெடித்தது.

“ஆடலாம்னு எங்கிட்ட சொல்லிச்சே!” அஸ்வின் அண்ணன் நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

“என்கிட்ட கூடாதுன்னு சொன்னா. மூணு தடவ சொன்னா.”

“ஆன்ட்டி, உங்க கொக்கு கணக்கு மாரி இதையும் ஏத்திச் சொல்லாதீங்க.”

“உனக்கு வாய்தான் ஃபார்வர்டு ஆடுது அஸ்வின். டீம்ல ஒருத்தனும் ஆடல.”

பிறகு, எதிர்பார்த்தபடி, இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்து மாற்றிவிட்டேனாம். ஒருவர் பறவைக் குழுவிடம் விலைபோனவன் என்றார். இன்னொருவர் கிளப்பின் கையாள் என்றார். எட்டு மாதமாக என் காபியைக் குடித்தவர்கள்.

“தம்பி, நீங்கதான் கணவர்,” என்றார் லோகேஷ் சார். “அவங்க இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? நீங்க சொல்றத வாக்கா எழுதிக்கிறேன்.”

“தெரியாது சார்.”

“உங்களுக்கே தெரியாதா?”

“இவங்க ரெண்டு பேரையும் திட்டியிருப்பா. அதுக்கப்புறம் என்ன சொல்லியிருப்பான்னு தெரியாது. அவ சொல்றவரைக்கும் எனக்கு எப்பவுமே தெரியாது.”

லோகேஷ் சார் பேனாவைக் கீழே வைத்தார்.

“மூடிடுங்க சார்,” என்றேன்.

“எத?”

“குரல.”

லோகேஷ் சார் கண்ணாடியைக் கழற்றினார். “இன்னும் நாலு மாசம் இருக்கே தம்பி. மூடினா திரும்ப வராது. வீடு ரொம்ப அமைதியாயிடும். என் சம்சாரத்தோடத நான் கடைசி நாள் வரைக்கும் வெச்சிருந்தேன்.”

“தெரியும் சார்.”

“அப்ப அவ ஓட்டு?” என்றார் அஸ்வின் அண்ணன். குரல் இறங்கிவிட்டது.

“இருக்காதுண்ணா. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கணும்.”

லோகேஷ் சார் திரையில் எதையோ அழுத்திவிட்டு என்னை அழைத்தார். மூடுவதற்கு ஒரு நடைமுறை உண்டு. இறந்தவர் உண்மையில் கடைசியாகச் சொன்ன சொல்லை உறவினர் ஒருவர் தன் வாயால் சொல்ல வேண்டும். எதுவரை அவர், எதிலிருந்து இயந்திரம் என்று பதிவில் ஒரு கோடு கிழிப்பதற்காக. அதற்கு இறுதி மெய்ச்சொல் என்று பெயர். நினைவில்லாதவர்களுக்காகச் சில மாதிரிகளும் தருகிறார்கள். திரை அவற்றை அவள் குரலிலேயே படித்தது.

“நேரத்துக்குச் சாப்பிடு.”

“நான் எப்பவும் உன்கூடவே இருப்பேன்.”

“என்னை நெனச்சு அழாத.”

இரண்டாவதைக் கேட்டதும் பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். ரம்யா ஆன்ட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அதையே வெச்சிடுப்பா. அவ வாயிலேர்ந்து வர்ற மாதிரியே இருக்கு.”

“ஆமா தம்பி, அது சூப்பரா கீது,” என்றார் அஸ்வின் அண்ணன். ஒரு வாரத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

“அவ அத சொல்லல,” என்றேன்.

“யாருப்பா பாக்கப் போறா?”

ஒலிவாங்கியின் உயரத்தைச் சரிசெய்தேன். என் முதுகுக்குப் பின்னால் அஸ்வின் அண்ணன் தொண்டையைக் கனைப்பது கேட்டது.

“ஆன்ட்டி. அந்த முட்ட எப்ப பொரியும்?”

“இத நீ என்கிட்ட இப்பதான் கேக்குற.”

“கேட்டுட்டேன்ல. சொல்லுங்க.”

“செவ்வாய், இல்ல புதன். பொரிஞ்ச அன்னிக்கே குஞ்சுங்க எந்திரிச்சு ஓடிடும். அப்புறம் நீ அங்க குதிச்சுக்கோ, உருண்டுக்கோ.”

“புதனா? அவ்ளோதானா? அட, அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? டோர்னமென்ட்காரன் கால்ல வுழுந்தாச்சும் வியாழக்கெழமைக்கு மாத்தியிருப்பேனே.”

“நீதான் அவகிட்டயே பேசிட்டிருந்தியே.”

அவர்கள் தொடர்ந்தார்கள். எதிரணி ஒப்புக்கொள்ளுமா, ரெஃப்ரீ கிடைப்பாரா, முட்டையைச் சுற்றிக் கயிறு கட்டலாமா என்று கூடம் மறுபடி இரைந்தது. மேடையை யாரும் பார்க்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

திரை என்னிடம் கேட்டது, அவள் குரலில், மிகவும் அன்பாக. “நான் கடைசியா உண்மையிலேயே சொன்னது என்ன?”

அதற்குத் தெரியாதுதான். எங்கள் வீட்டுச் சுவருக்கு வாசல்வரைதான் காது கேட்கும். அவள் அதைத் தெருவிலிருந்து கத்தினாள். அவள் வேலைக்குப் போகும் பஸ் தெருமுனையில் திரும்பிவிட்டது. ஒரு செருப்பை அவள் இன்னும் சரியாக மாட்டவில்லை. நான் முகத்தில் சோப்போடு ஜன்னலருகே நின்று, சரி என்றேன். அவள் நிறுத்தத்துக்கு ஓடினாள். அங்கே போய் விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. இந்த வயதில் அப்படி நடப்பதில்லை என்று மருத்துவர் சொன்னார். நடந்த பிறகு சொன்னார்.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அம்மா கேட்டாள், ரம்யா ஆன்ட்டி கேட்டார், அலுவலகத்தில் கேட்டார்கள். நினைவில்லை என்றே சொல்லிவந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் கேட்டவர்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்காது. எனக்கு அவளிடமிருந்து, சந்தேகமில்லாமல், அது ஒன்றுதான் மிச்சம்.

ஒலிவாங்கியருகே குனிந்து, அவள் சொன்னபடியே சொன்னேன்.

“கேட்டப் பூட்டிக்காதடா. நான் சாவி எடுக்கல.”