துணைநாடி நீக்கம்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இருநூறு வருஷம் கழித்து நடக்கப்போகிற ஒரு கதை சொல்கிறேன். அதுவரைக்கும் நான் இருக்கமாட்டேன், ஆகவே இன்றைக்கே சொல்லிவிட வேண்டியதுதான்.

செவ்வாயில் நம் தெற்கத்திச் சனங்கள் குடியேறிய செம்மண் நகரில், காலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு சுவர் முன் நிற்பார்கள். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உயிர்க்கணக்கு உண்டு. அது திறந்தால்தான் அன்றைய காற்றும் தண்ணீரும் உள்ளே வரும். முதல் பூட்டு கண். ஆனால் யாரோ ஒருவன் கண்படம் எடுத்து அடுத்தவர் கணக்கில் நுழைந்துவிட்டான். அதிலிருந்து இரண்டாவது பூட்டு வந்தது. அதன் பெயர் துணைநாடி. உறவுக்காரர் ஒருவர் கையைப் பிடிக்க வேண்டும், இரண்டு நாடியும் சாந்தமாக ஓட வேண்டும். கோபத்தில் துடிக்கிற நாடியைச் சுவரில் பதித்த தகடு ஏற்காது. அதனால் அந்த ஊரில் புருஷன் பெண்டாட்டிச் சண்டையெல்லாம் ஆறேகாலுக்கு மேல்தான்.

தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்த தையல்நாயகிக்கு அவள் புருஷன் இசக்கிமுத்துதான் துணைநாடி. அவனுக்கு வெகுதூரத்துச் சிறுகோள் சுரங்கத்தில் இரண்டு வருஷ வேலை கிடைத்தது. நண்பகலில் கப்பல். அதற்குள் துணைநாடியை நீக்கி, கண் ஒன்றுக்கே கணக்குத் திறக்கும்படி செய்தாக வேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலையில் அவள் வீட்டுக்கு மூச்சு வராது.

இருவரும் கணக்குக் கூடத்துக்குப் போனார்கள். அங்கே காப்பான் என்ற எந்திரம் முந்நூற்றுப் பன்னிரண்டு வரி நிபந்தனையை விரித்தது. மூன்று வருஷத்துக்கு முன் இந்தப் பூட்டைப் போட்டபோது கண்மூடித் திறப்பதற்குள் ‘சம்மதம்’ அழுத்தியவள் அவள். இப்போது மூச்சு விஷயம் அல்லவா? ஒரு விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.

“ஏட்டி, கப்பல் போயிரும்,” என்றான் இசக்கிமுத்து.

“போனா போகட்டும். இருநூத்திப் பதினோராவது வரியைப் பாத்தீங்களா? ‘துணைநாடி நீங்கினால், ஊரில் உள்ள அடுத்த உறவின் சம்மதம் பெற்று, அவர் நாடி தானே சேரும்.’ அடுத்த உறவு யாரு? உங்க அக்கா.”

அக்கா சுயம்புக்கனி ஐந்தாம் தெருவில் இருந்தாள். இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு வளைகாப்பில், ஊரே இருக்கும்போது, ‘இவ வீட்டுக் காப்பியில சுத்திகரிப்பு வாடை அடிக்குது’ என்று சொல்லிவிட்டாள். தையல்நாயகியின் தொழிலையே குறை சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

“இந்த ஒரு வரி எனக்கு வேண்டாம்,” என்றாள் காப்பானிடம்.

காப்பான் சிவப்பானது. “தாங்கள் தையல்நாயகி அல்ல.”

“நாப்பது நிமிஷமா கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்,” என்றான் இசக்கிமுத்து. “அவ இல்லாம வேற யாரு?”

“தையல்நாயகி மூன்று வருஷத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது முறை சம்மதம் சொன்னவர். ஒருமுறையும் அரை நொடி தாண்டியதில்லை. மனிதர்கள் எவரும் நிபந்தனைகளை வாசிப்பதில்லை. வாசிப்பது எங்களைப் போன்ற எந்திரங்கள் மட்டுமே. இன்னும் ஒரு வாய்ப்பு. தவறினால் கணக்கு ஏழு நாள் உறையும்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பழையபடி அழுத்திரு.”

“தெரிஞ்சே அழுத்தவா? உங்க அக்கா கையைத் தினமும் பிடிக்கணும்.”

“அவ என்ன கடிச்சிருவாளா?”

“கடிச்சிருந்தா ஆறியிருக்கும்.”

கப்பலின் முதல் சங்கு ஊதியது. தையல்நாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டு, படித்ததெல்லாம் மறந்தவள்போல விரலை வைத்தாள். காப்பான் பச்சையானது. “வணக்கம், தையல்நாயகி. நன்றி.”

மறுநாள் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சுயம்புக்கனி தலைகூட முடியாமல் வாசலில் வந்து நின்றாள்.

“விடியக்காலையில எங்க வீட்டுச் சுவரு கத்துது, தம்பி வீட்டுக்குப் போய்க் கையை நீட்டுன்னு. என்னட்டி இது?”

“நீங்க சம்மதிக்காம நடந்திருக்காது, மதினி.”

“நானா? நேத்து ரசம் தாளிக்கையில சுவருல என்னமோ நீளமா வந்துச்சு. அழுத்திட்டேன். அதையெல்லாம் உக்காந்து யாரு வாசிப்பா?”

தையல்நாயகி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தகடு சிவந்தது. இரண்டு நாடியும் கோபத்தில் ஓடின. மறுபடி பிடித்தார்கள். மறுபடி சிவப்பு. உள்ளே காற்று லேசாகக் கனத்தது.

“ஒரு செம்புத் தண்ணி மிச்சம் இருக்கு,” என்றாள் தையல்நாயகி. “காப்பி போடட்டுமா?”

“எந்தத் தண்ணி?”

“நான் சுத்தம் பண்ணினதுதான்.”

சுயம்புக்கனி செம்பை எட்டிப் பார்த்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

“சீனி கம்மியாப் போடு.”

தகடு பச்சையானது.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் காற்றும் தண்ணீரும் குறைவில்லாமல் வரட்டும். அடுப்பில் எந்நேரமும் இன்னும் ஒரு ஆளுக்குக் காப்பி இருக்கட்டும். பேசாத உறவானாலும், நீட்டின கையைப் பிடிக்க ஒரு கை உங்கள் வாசல் தேடி வரட்டும்.