முப்பத்தொன்றாம் தாய்

செந்தாழியில் காலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கி மூன்று செய்திகளைச் சொல்லும். காற்றில் உயிர்வளி எவ்வளவு, ஏரியில் நீர் எவ்வளவு, மீன்களில் பெண் எத்தனை சதவீதம். செவ்வாய்க் கிரகத்தின் பாறைக் குகைகளுக்குள் பதினோராயிரம் பேர் வாழ்ந்த அந்தக் குடியேற்றத்தில் இதைக் கேட்காமல் யாரும் பல் துலக்கக்கூடப் போவதில்லை. வெயிலும் மழையும் இல்லாத ஊரில் பேச்சைத் தொடங்க அந்த மூன்றாவது எண்தான் உதவியது. "இன்னிக்கு நாப்பத்தெட்டாம்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புவார்கள்.

அன்று காலை ஒலிபெருக்கி நான்கு என்றது.

உமையாளுக்கு அது புதிய செய்தி இல்லை. எண்ணி எழுதிக் கொடுத்தவளே அவள்தான். பத்தொன்பது ஆண்டுகளாக ஏரிக் கண்காணிப்பாளராக இருப்பவள். உணவுக்கூடத்தில் அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனபோது வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஏரி என்பது உருக்கிய பனிக்கட்டியால் ஆனது. குகைக்குள் மூன்று கிலோமீட்டர் நீளம், நன்னீர். அதில் இருந்தது ஒரே மீன், ஜிலேபிக் கெண்டை. அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஜிலேபியை அவர்கள் பார்த்ததில்லை. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பு பூமியிலிருந்து வந்த முதல் கலத்தில் அதன் குஞ்சுகள் வந்தன. அன்றிலிருந்து செந்தாழிக்குக் கறியும் அதுதான், எண்ணெயும் அதுதான், காய்கறிப் பாத்திகளுக்கு உரமும் அதுதான்.

வந்தது இரண்டு இனங்களின் கலப்பு. ஓர் இனத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தகப்பன் தீர்மானிக்கும். அதன் மரபணுவில் சின்னஞ்சிறு துணுக்கு ஒன்று உண்டு. ஏரிக்காரர்கள் அதை ஆண்முத்திரை என்பார்கள். முத்திரை விழுந்த குஞ்சு ஆண். இன்னோர் இனத்தில் தாய் தீர்மானிக்கும். கலந்த பிறகு இரண்டும் சில தலைமுறைகள் மல்லுக்கட்டி, கடைசியில் தகப்பன் வழி வென்றது. இவற்றுக்கு மேல் மூன்றாவதாக ஓர் அதிகாரியும் உண்டு. அது தண்ணீர். பொரித்த முதல் மாதத்தில் நீர் அதிகம் சூடாக இருந்தால், பெண்ணாக வேண்டிய குஞ்சும் ஆணாகிவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு புதிய அணு உலை ஒன்றை இயக்கினார்கள். அதன் மிச்ச வெப்பத்தை ஏரிதான் வாங்கிக்கொண்டது. இருபத்தெட்டு பாகையாக இருந்த நீர் முப்பத்தைந்துக்கு ஏறியது. பொரித்ததெல்லாம் ஆணாயின.

"உலையை நிறுத்த முடியாது உமையா," என்றார் ஜெசிந்தா. உணவுப் பொறுப்பாளர் அவர். சொல்லும்போதே கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "புதுக் குகையில முந்நூறு குடும்பம் இருக்கு. கைக்குழந்தை மட்டும் தொண்ணூறு. ஒரு நாள் நிறுத்துனா வெறைச்சுப் போயிருவாங்க."

"நிறுத்தச் சொல்லலை மேடம். பழைய குளிர்தொட்டி ஒண்ணு சும்மா கெடக்கே, அதைக் குடுங்க. பெண் முட்டையா மட்டும் பொறுக்கி அதுல வளத்துருவேன்."

"எத்தனை புடிக்கும்?"

"நாலாயிரம். அவ்வளவும் பெண்ணா இருந்தா அடுத்த வருசம் தப்பிச்சுரலாம். பாதி ஆணாப் போச்சுன்னா பட்டினிதான்."

ஜெசிந்தா தொட்டியைக் கொடுத்தார்.

ஜிலேபிக் கெண்டை முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் மீன். பொரித்து நீந்தும்வரை தாய் இரை எடுக்காது. உமையாளும் ஏரியின் குழாய் மெக்கானிக் பிச்சாண்டியும் மூன்று நாள் அலைந்து, வாய் நிறைய முட்டையோடு இருந்த நாற்பது தாய்களைப் பிடித்தார்கள். பிச்சாண்டி மீனைப் பிடித்துக்கொள்ள, அவள் கீழ்த்தாடையை மெல்ல அழுத்திக் கிண்ணத்தில் முட்டைகளைச் சரித்தாள். ஒவ்வொரு கிண்ணத்திலும் தாயின் எண். முப்பத்தொன்றாவது, வால் கிழிந்த ஒரு கிழட்டு மீன். முட்டைகளைக் கக்கியதும் பிச்சாண்டியின் கையிலிருந்து வழுக்கிக் கிண்ணத்துக்குள்ளேயே விழுந்து, கக்கியதைத் திரும்ப வாயில் அள்ளிக்கொண்டது. இரண்டு முறை.

"இது குடுக்காது உமையா. விட்டுருவமா?"

"இல்லண்ணே. இன்னொரு தடவை பாப்போம்."

மொத்தம் பன்னிரண்டாயிரம் முட்டைகள். திட்டம் எளிது. ஆண்முத்திரை இருக்கும் முட்டைகளை அரைத்துத் தீவனமாக்குவது. மற்றதில் நல்லதாக நாலாயிரத்தைத் தொட்டியில் விடுவது. முத்திரையைப் பார்க்க ஒரே கருவிதான் இருந்தது, மருத்துவமனையின் கருநோக்கி. கர்ப்பிணிகளின் வயிற்றில் கை வைக்காமலேயே குழந்தையின் ஒவ்வொரு நரம்பையும் மரபணுவையும் படித்துச் சொல்லும் இயந்திரம். அதன் மூதாதை பூமியில் எங்கோ ஒரு தொழிற்சாலையில் பிறந்தது. அதற்குள் பதித்திருந்த கட்டளைகளை மாற்றத் தெரிந்தவர்கள் செந்தாழியில் இல்லை. ஆகவே பழுதாகும்போதெல்லாம் அப்படியே நகலெடுத்துக்கொண்டு வந்தார்கள்.

முதல் கிண்ணத்தை வைத்து உமையாள் கேட்டாள்.

"கருக்கள் முந்நூற்றிரண்டு. அனைத்தும் உயிருடன் உள்ளன," என்றது கருநோக்கி. "பாலினம் தெரிவிக்க இயலாது."

"ஏன், தெரியலையா?"

"தெரிகிறது. பிறப்பதற்கு முன் கருவின் பாலினத்தைக் கண்டு சொல்வது சட்டப்படி குற்றம். தயவுசெய்து கேட்காதீர்கள்."

உமையாள் பிச்சாண்டியைப் பார்த்தாள். செந்தாழியில் குழந்தை பிறந்த பிறகுதான் ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்வார்கள். கருநோக்கி சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. அப்படி ஒரு சட்டம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இது மீன் முட்டைப்பா," என்றார் பிச்சாண்டி.

"கரு என்று பதிவாகியுள்ளது."

"ஊரே பட்டினி கெடக்கப் போவுது."

"வருந்துகிறேன். இந்தச் சட்டத்துக்கு விதிவிலக்கு எழுதப்படவில்லை."

ஜெசிந்தா வந்து ஆணையிட்டுப் பார்த்தார். தலைமை மருத்துவர் கையொப்பமிட்டுப் பார்த்தார். இயந்திரம் இருவரிடமும் மரியாதையாக வருந்தியது. மறுநாள் மாலைக்குள் முட்டைகளை நீரில் விடாவிட்டால் அத்தனையும் செத்துவிடும்.

வேறு வழியின்றி உமையாள் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு நூறு முட்டை எடுத்தாள். நாலாயிரம் சேர்ந்தது. குளிர்தொட்டியில் விட்டாள். மிச்சம் எட்டாயிரம். அவற்றில் எது தீவனம், எது பெண் என்று சொல்ல ஆளில்லை. அரைக்கும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவள், கிண்ணங்களை அப்படியே திரும்ப எடுத்துவந்தாள்.

"கூண்டு வலை எத்தனை இருக்குண்ணே?"

"நாப்பது தேறும். எதுக்கு?"

"ஒரு தாயோட முட்டைக்கு ஒரு கூண்டுன்னு ஏரியிலயே தொங்க விட்டுருவோம்."

"அந்தச் சூட்டுலயா? எல்லாம் ஆணாத்தான் போவும்."

"போகட்டும். உசுரோடவாவது இருக்கும்."

நான்கு மாதம் கழிந்தது. குளிர்தொட்டியில் எதிர்பார்த்தபடியே பாதிதான் பெண். குடும்பத்துக்கு வாரம் மூன்று மீன் என்பது ஒன்றாகக் குறைந்தது. பிள்ளைகளின் கன்னம் ஒட்டத் தொடங்கியது. உமையாள் உணவுக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு ஏரிக்கரையிலேயே பாசிக்கஞ்சி குடித்தாள்.

கூண்டுகளைத் திறந்து எண்ணும் நாள் வந்தது. மீனைப் புரட்டி, அடிவயிற்றுத் துளையை உருப்பெருக்கியில் பார்த்தால் ஆண் பெண் தெரிந்துவிடும். முதல் கூண்டு, அத்தனையும் ஆண். இரண்டாவதும் அப்படியே. பத்து, இருபது, முப்பது. பிச்சாண்டி கரிக்கோடு போட்டுப் போட்டு அலுத்துவிட்டார். முப்பத்தொன்றாவது கூண்டின் முதல் மீனைப் புரட்டிய உமையாள் அடுத்ததை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, செத்துப்போச்சா?"

"இல்லண்ணே. பெண்ணு."

அவர் நம்பவில்லை. உருப்பெருக்கியை வாங்கித் தானும் பார்த்தார். அந்தக் கூண்டில் நூற்றெண்பத்தாறு மீன்கள் இருந்தன. தொண்ணூற்று நான்கு பெண். முப்பத்தைந்து பாகைச் சூட்டில் பொரித்து, அதே சூட்டில் வளர்ந்தவை. தண்ணீர் போட்ட ஆணையை அவை காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

கருநோக்கி பிறந்த மீனைப் பற்றிச் சொல்லத் தயங்கவில்லை. தொண்ணூற்று நான்கின் ரத்தத்தையும் வைத்தாள். தொண்ணூற்று நான்கிலும் ஆண்முத்திரை இருந்தது. உமையாளுக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முத்திரையின் பக்கத்தில், ஏரியின் எந்த மீனிலும் இதுவரை பார்த்திராத ஒரு புதுத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. முத்திரையின் வாயை அது அடைத்துவிட்டது. சூட்டின் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டது. அதைச் சுமந்த குஞ்சு எந்தத் தண்ணீரிலும் பெண்ணாகவே வளரும். அப்படியென்றால் அந்தக் கிழிந்த வால் கிழவியும் ஆண்முத்திரை சுமந்த பெண்தான்.

பிச்சாண்டிதான் மெதுவாகக் கேட்டார். "அப்ப, அன்னிக்கு அந்த மிசினு சொல்லியிருந்தா?"

"இது அத்தனையும் ஆணுன்னு சொல்லியிருக்கும்ணே. நான் அரைச்சிருப்பேன்."

தொண்ணூற்று நான்கையும் ஏரியில் விட்டார்கள். அதற்குப் பிறகு செய்ய வேண்டியது எதுவும் மனிதர் கையில் இல்லை. பெண் அரிதான நீரில் மகளைப் பெறும் மீனுக்குத்தான் பேரப்பிள்ளைகள் அதிகம். மகளைத் தரும் அந்தத் துணுக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் பரவிக்கொண்டே போயிற்று. காலை ஒலிபெருக்கி ஒன்பது என்றது. பிறகு இருபத்திரண்டு. மூன்றாவது ஆண்டில் நாற்பத்தாறு. அங்கே வந்து வேகம் தணிந்து, ஐம்பதை ஒட்டித் தானாகவே நின்றது. பாதிக்குப் பாதி ஆனபின் மகளைப் பெறுவதில் தனி லாபம் இல்லை. குழு கூடவில்லை, யாரும் தீர்மானம் போடவில்லை.

உமையாள் அந்த ஆண்டுகளில் பூமியின் பழைய மீன் நூல்களையெல்லாம் வரவழைத்துப் படித்தாள். ஓர் ஏரியில் தகப்பன் தீர்மானிக்கிறது, அடுத்த ஏரியில் அதன் ஒன்றுவிட்ட சொந்தத்துக்குத் தாய் தீர்மானிக்கிறது. வயல் சேற்றில் வாழும் ஒருவகை விலாங்கு பெண்ணாகப் பிறந்து, முட்டையிட்டு முடித்து, பிற்பாடு ஆணாகிறது. ஆணே பிறக்காத ஒரு சிறு மீன் இனம் ஆற்றில் மகள்களாகவே தழைக்கிறது. ஆணும் பெண்ணும் எப்படி உண்டாகின்றன என்ற ஒரே கேள்விக்கு மீன்கள் ஒவ்வொரு குட்டையிலும் ஒரு விடை எழுதிப் பார்த்திருந்தன. விடை பொருந்தாமல் போனால் அழித்துவிட்டு வேறு எழுதின. படிக்கப் படிக்க அவளுக்குக் கும்பிடத் தோன்றியது.

எண் ஐம்பதைத் தொட்ட நாளில் விழா எடுத்தார்கள். குகையின் பெரிய கூடத்தில் ஊரே கூடியது. மீன்குழம்பின் மணம் மேடைவரை வந்தது. ஜெசிந்தா பேசினார்.

"நம்மளைக் காப்பாத்துனது ஒரு சட்டம். மனுசக் குழந்தைக்கு அப்படி ஒரு தடை தேவையே இல்ல, மீனுக்குத்தான் போட்டிருக்கணும். பொறக்குறதுக்கு முன்னாடி பாக்காதேன்னு எழுதி வெச்சாங்களே, அந்த முன்னோருக்கு மீனைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சிருக்கணும். இயற்கை முடிவு பண்றதுக்குள்ள நாம முடிவு பண்ணக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அவங்க பேரை இந்தச் சுவத்துல வெட்டப் போறோம். அந்தச் சட்டம் எப்படி வந்ததுன்னு பூமி ஆவணக் காப்பகத்துக்கிட்டக் கேட்டிருந்தோம். பதில் இப்பத்தான் வந்துச்சு. உமையாள் படிப்பாங்க."

கூடம் கைதட்டியது. உமையாள் தாளை வாங்கி முதலில் மனத்துக்குள் படித்தாள். பிறகு மேடையின் ஓரத்துக்குப் போய் மறுபடி படித்தாள். பிச்சாண்டி எழுந்து அவளருகே வந்தார்.

"என்னம்மா? எந்த மீனுக்குப் போட்ட சட்டமாம்?"

"மீனுக்கில்லண்ணே. மனுசனுக்கு."

"மனுசனுக்கு என்னத்துக்கு?"

"வயித்துல இருக்குறது பெண்ணுன்னு தெரிஞ்சா கலைச்சுருவாங்களாம். அதான் பாக்கவே கூடாதுன்னு போட்டிருக்காங்க."

"ஓ. பெண்ணு ரொம்ப அதிகமாயிருச்சாக்கும்."

"இல்லண்ணே. கொறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. ஊர் ஊரா எண்ணி எழுதியிருக்காங்க. கொறையக் கொறையவும் வேணாம்னுதான் சொல்லியிருக்காங்க."

"நீ மாத்திப் படிக்குற. ஆணுங்குற எடத்துல பெண்ணுன்னு அச்சாயிருக்கும்."

அதைவிட நல்ல விளக்கம் உமையாளுக்கும் தோன்றவில்லை. ஜெசிந்தாவிடம் போய், அனுப்பியதில் பிழை இருக்கிறது, சரிபார்க்க வேண்டும் என்றாள். காப்பகத்துக்குக் கேள்வி போனது: 'ஆண், பெண் ஆகிய சொற்கள் இடம் மாறியுள்ளனவா? சரியான பதிவை அனுப்பவும்.' செய்தி போய்வர நாற்பது நிமிடம். அதுவரை சாப்பிடலாம் என்று ஜெசிந்தா அறிவித்தார். குழம்பு பரிமாறினார்கள். சுவரில் எழுத்து வெட்ட வந்தவர் உளியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நாற்பத்தோராவது நிமிடத்தில் பூமியிலிருந்து ஒரே ஒரு வரி வந்தது.

'பதிவில் பிழை ஏதுமில்லை.'