சக்களத்திக்கு ஒரு வயல்

காலை ஆறு மணிக்குப் பெரம்பூரில் பதினான்காம் மாடியில் மாதங்கி தொலைக்கையுறையை மாட்டினால், கோட்டூர் வயலில் ஓர் இயந்திரம் எழுந்து நிற்கும். அதற்கு வயலாள் என்று பெயர். இவள் விரல் மடக்கினால் அதுவும் மடக்கும். சேற்றின் குளிர்ச்சிகூட உறைக்குள் வந்துவிடும், சேறுதான் வராது. பட்டணத்து ஆட்கள் நாற்பது பேர் தினம் ஒரு மணி நேரம் இப்படிக் கைகொடுக்கும் ஊருக்குத்தான் வாய்க்கால் தண்ணீர் என்பது சட்டம். "நான் விவசாயம் பண்றேனாக்கும்" என்று இரண்டு வருஷமாக அலுவலகத்தில் அவள் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

அன்று களையெடுத்து முடித்துக் கையுறையைக் கழற்றியவள், வயலைக் காட்டும் கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டாள். வயலுக்குச் சொந்தக்காரி அஞ்சலை சேற்றில் இறங்குவது தெரிந்தது. மாதங்கி பிடுங்கிப்போட்ட குவியலைக் கிளறி, ஒவ்வொரு பயிராக மறுபடி நட்டாள். மாதங்கி விட்டுவைத்ததையெல்லாம் வேரோடு பிடுங்கி எறிந்தாள்.

"அக்கா! நான் பிடுங்கினது நெல்லா?" என்று வயலாளின் வாய்வழியே மாதங்கி கத்தினாள்.

அஞ்சலைதான் திருட்டில் அகப்பட்டவளாகக் கூனிக் குறுகினாள். "நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சேம்மா. நீங்க விட்டுவச்சது நெல்லுச் சக்களத்தி. புல்லுதான், பாக்க நெல்லாட்டமே இருக்கும். எங்களையே சமயத்துல ஏமாத்திப்புடும்."

அது மாதங்கிக்காகச் சொன்ன பொய்.

"ரெண்டு வருஷமா இப்படித்தானா? ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"கோவிச்சுக்கிட்டு நின்னுட்டீங்கன்னா? முப்பத்தொம்பதுன்னா மதகைத் தொறக்கமாட்டாங்கம்மா."

சீ என்றாகிவிட்டது மாதங்கிக்கு. போன வாரம்கூட, "இவ்ளோ களை இருக்கே, தினம் பாக்கமாட்டீங்களா?" என்று அஞ்சலையைத்தான் கடிந்துகொண்டாள். வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது.

"இனிமே எதையும் தொடமாட்டேன். வந்து சும்மா நிக்கிறேன்."

"ஐயையோ! கை அசையலேன்னா ஆளே வரலேன்னு மிஷினு எழுதிக்கும்." அஞ்சலை யோசித்தாள். "மதகோர வயலை உங்களுக்குன்னு ஒதுக்கிடுறோம். எல்லாரும் அதுல வந்து பிடுங்குங்க."

அடுத்த மாதம் மாதங்கி அங்கே இறங்கினாள். ஊரிலேயே நல்ல மண், முதல் தண்ணீர் பாயும் இடம். நெல்லை மேட்டுக்குத் தள்ளிவிட்டு, இங்கே சக்களத்தியை நட்டு, எருவிட்டு, முழங்கால் உயரத்துக்கு வளர்த்திருந்தார்கள். நாற்பது வயலாட்களும் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தன.

"பாருங்க மேடம், என்னமா களை மண்டிக் கெடக்கு!" என்றது பக்கத்து வயலாள். அதை ஓட்டுபவர் அண்ணாநகர் டாக்டர். "நாம மட்டும் இல்லேன்னா இந்த ஊரு என்ன ஆகியிருக்கும்?"

உண்மையைச் சொல்ல மாதங்கி வாயெடுத்தாள். முப்பத்தொன்பது என்று நினைத்ததும் அடங்கிப்போனாள்.

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்ததைப் பிடுங்கினாள்.