மருந்துச் சீட்டில் விழுந்த நிழல்

ஜுரத்துக்கு எழுதிய மருந்துச் சீட்டு. அதில் தூக்குக் கைதியின் கையெழுத்து எப்படி வந்தது?

ஆவணக் காப்பகத்தின் பழுதுபார்க்கும் அறை. புற ஊதா விளக்கின் கீழே குனிந்திருந்தாள் அவள். கிழிந்த காகிதங்களை ஒட்டுவது வேலை. அதனால் ஆபீஸ் முழுக்க அவளுக்குப் பெயர் பசைக்காரி.

'வேண்டாதவை' என்று எழுதிய பெட்டியில் கிடந்த சீட்டு அது. வெறும் கண்ணுக்கு டாக்டரின் கிறுக்கல் மட்டும். ஊதா விளக்கைப் போட்டால், பின்புறத்தில் இன்னொரு எழுத்து... இடவலம் மாறி!

கண்ணாடியைக் காட்டினாள். நேராயிற்று.

'விடிந்தால் நான் இல்லை...'

கீழே ஹாலில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அதே கடிதம். தூக்குமேடை ஏறிய புரட்சிக்காரன் மனைவிக்கு எழுதியது.

மாயம் எதுவும் இல்லை. அந்தக் காலத்து மை, அன்னபேதி என்ற இரும்பு உப்பும் கடுக்காயும் சேர்த்துக் காய்ச்சியது. அமிலப் புளிப்பு அதிகம். எழுதிய தாளை மட்டுமல்ல, அதை ஒட்டிக் கிடக்கும் தாளையும் மெல்ல மெல்லச் சுடும். எழுத்தின் நிழல் பதியும். அதற்குப் பல வருடம் பிடிக்கும்.

அப்படியானால் கடிதத்துக்கு உறையாக இருந்தது இந்தச் சீட்டுதான்!

நிழலைப் படம் எடுத்து, இடவலம் திருப்பி, ஹாலில் இருந்த கடிதத்தின் படத்தின் மேல் வைத்தாள். வார்த்தைகள் அதே. எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று உட்காரவில்லை.

நிழல் அசலுடையது. ஹாலில் இருப்பது போலி.

இங்கே காப்பாளராக இருந்த அவள் அண்ணன் இதைத்தான் சொன்னார். சோதனைக்கூடமோ தாளும் மையும் பழைய வகை என்றது. அவதூறு கிளப்புகிறான் என்று டைரக்டர் துரத்தினார். வேலை போனது. பெயர் போனது. அடுத்த மழைக்காலத்தில் ஆளும் போனார்.

தங்கை என்பதை மறைத்துத்தான் அவள் இங்கே சேர்ந்திருந்தாள். அந்த டைரக்டரைக் கூண்டில் ஏற்றாமல் போவதில்லை.

ஆனால் கடிதம் முன்பு இருந்த பெட்டகத்தின் சாவி இருந்தது இருவரிடம். டைரக்டர். அண்ணன். போலி என்று நிரூபித்தால், பழியைச் செத்தவர் தலையில் கட்டுவார்கள்.

காட்ட வேண்டியது திருட்டை அல்ல. திருடனை.

யோசித்தாள். பிறகு இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் போன் செய்தாள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் அப்பாவியாக எழுந்து நின்றாள். வேண்டாதவை பெட்டியில் ஏதோ ஒரு தாளில் அந்தக் கடிதத்தின் நிழல் விழுந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, மதியம் எல்லாத் தாளையும் விளக்கில் பார்க்கப் போகிறேன் என்றாள். எந்தத் தாள் என்று சொல்லவில்லை.

டைரக்டர் தண்ணீர் குடித்தார்.

சாப்பாட்டு நேரம். அறை காலி. டைரக்டர் உள்ளே நுழைந்தார். பெட்டியைத் திறந்தார். ரசீது, பயணச் சீட்டு, பால் கணக்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, மருந்துச் சீட்டை மட்டும் உருவினார்.

"கிடைச்சுதா சார்?"

அலமாரிக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டரம்மா. பக்கத்தில் பசைக்காரி.

டைரக்டர் சீட்டைச் சுருட்டி வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். சிரித்தார்.

"இப்ப என்ன ஆதாரம் இருக்கு உங்ககிட்ட?"

"நீங்க முழுங்கினது நகல் சார். நேத்து நான் செஞ்சது. நிஜம் ஸ்டேஷன்ல பத்திரமா இருக்கு."

"அதனால என்ன? அந்தக் காப்பாளன் திருடியிருப்பான். நிழல் இருக்குன்னு நீதானே சொன்னே? அதான் பார்க்க வந்தேன்."

"பார்க்க வந்தவரு விளக்கைப் போடலியே? அந்தப் பெட்டியில இப்ப நிழல் விழுந்த தாளே கிடையாது. அத்தனை காகிதத்துல இந்தச் சீட்டைத்தான் எடுக்கணும்னு உங்களுக்கு யார் சொன்னா?"

டைரக்டரின் சிரிப்பு நின்றது.

"யார்டி நீ?"

"நீங்க துரத்தினீங்களே, அவரோட தங்கச்சி. கடிதத்தைச் சுத்தியிருந்தது மருந்துச் சீட்டுன்னு அதைப் பிரிச்சு அசலைத் திருடினவருக்குத்தான் தெரியும். எங்கண்ணன் செத்துட்டார். மிச்சம் நீங்கதான்."

இன்ஸ்பெக்டரம்மா விலங்கை எடுத்தார்.

"மருந்தைத்தான் சார் முழுங்கணும். சீட்டை இல்ல."